வண்டியை விற்று நாலு வருடம், பட்டியலில் இன்னும் ஓடுகிறது

கேள்வி (2023):

ஐயா, வணக்கம். நாங்கள் நாமக்கல் மாவட்டம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், நான் தறிக்கு நூல் தார் சுற்றப் போகிறேன். இரண்டு பேருக்கும் வாரக் கூலி. அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற மகளிர் உரிமைத் தொகைக்கு முகாமில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். செப்டம்பர் 20-ஆம் தேதி போனில் செய்தி வந்தது. குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் ஏற்கவில்லையாம். எங்களுக்கு ஏது வண்டி? 2016-இல் தவணைக்கு ஒரு குட்டி யானை, அதுதான் சின்னச் சரக்கு வண்டி, வாங்கி வாடகைக்கு ஓட்டினார். கட்டுப்படியாகாமல் 2019-இல் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பாக்கித் தவணையை அவரே கட்டிக்கொண்டார். பேர் மாற்றினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் மாடி எடுத்து மூன்று குடித்தனம் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த அக்காவுக்குப் பணம் ஏறிவிட்டது. என் மாமியார் முதியோர் பென்ஷன் வாங்குகிறார், அதனால்தான் எனக்கு வரவில்லை என்கிறார்கள் சிலர். எதை நம்புவது? எந்த அளவுகோலை வைத்து ஐயா எங்களை அளந்தார்கள்? கொடுப்பதென்றால் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போகலாமே, இப்படித் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் செய்துவிட்டார்களே. எங்கள் தெருவிலேயே வீட்டுக்காரர் இல்லாத ஒரு அக்காவுக்கு ஏற்றார்களா இல்லையா என்ற செய்திகூட வரவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மேல்முறையீட்டுக்கு, குறுஞ்செய்தி கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். உங்களுக்கு 20-ஆம் தேதி வந்திருக்கிறது. அக்டோபர் 20 வெள்ளிக்கிழமைக்குள் இ-சேவை மையத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். கடைசி இரண்டு நாளில் மையங்களில் கூட்டம் தாங்காது, சர்வரும் படுத்துக்கொள்ளும். தறிக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டாலும் பரவாயில்லை, இந்த வாரமே போய்விடுங்கள். என்னென்ன எடுத்துப் போவது, என்ன எழுதுவது என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

இனி உங்கள் பெரிய கேள்வி. எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள்?

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கடைசிப் பல வருடங்கள் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியராக, முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனுக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு குடும்பம் ஏழையா என்று நேராக அளக்கும் கருவி எந்த அரசாங்கத்திடமும் இல்லை. உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் வருமானம் எவ்வளவு? தறி ஓடினால் கூலி, நூல் விலை ஏறி முதலாளி தறியை நிறுத்தினால் கூலி இல்லை. சனிக்கிழமை கையில் வாங்கும் காசுக்கு ரசீது கிடையாது. மாதச் சம்பளம் வாங்குகிறவரின் வருமானம் ஏதோ ஒரு கணினியில் இருக்கும். உங்கள் வருமானம் உங்கள் சேலை முந்தானையில் முடிந்திருக்கிறது. அதை யார் எண்ணிப் பார்ப்பது?

எண்ண முடியாததால், கண்ணுக்குத் தெரிகிற வேறு சிலவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். நஞ்சை 5 ஏக்கருக்குள், புஞ்சை என்றால் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கார், டிராக்டர் போன்ற நாலு சக்கர வண்டி கூடாது. வருமான வரி, தொழில் வரி கட்டுகிறவர், அரசுச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குகிறவர் வீட்டில் இருக்கக் கூடாது. கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே ஏற்கெனவே ஒரு அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிற சங்கதிகள். வருமானச் சான்று வாங்கி வா என்று உங்களை அலைய விடவில்லை. அந்த மட்டில் இது நல்ல ஏற்பாடுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வருமானச் சான்றுக்காக ஜனங்கள் எத்தனை நடை நடந்தார்கள் என்று பார்த்தவன் நான். ஆனால் பதிவேட்டுக்கு ஒரு குணம் உண்டு. எழுதப்பட்டதுதான் அதற்குத் தெரியும், எழுதியதை ஒருவர் வந்து அடிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைக் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்தக் குட்டி யானை இன்றும் உங்கள் வாசலில்தான் நிற்கிறது.

உங்களைப் போலவே மின்சாரக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்கு நிறைய எழுதுகிறார்கள். 3,600 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 600 யூனிட். ஒரு சிறு குடும்பம் அத்தனை ஓட்டாது. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், பெற்றோர், எல்லாருக்கும் ஒரே மீட்டர் என்றால் தாண்டிவிடும். உங்கள் பக்கத்து வீட்டைப் பாருங்கள். மூன்று குடித்தனம் வைத்தவர்கள் மூன்று மீட்டர் வாங்கியிருப்பார்கள். அவர்கள் புழங்கும் மீட்டரில் 3,600 வராது. வாடகை கையில் வாங்குவது, அதற்கும் பதிவு இல்லை. பீரோவில் இருக்கும் நகைக்கும் இல்லை. அந்த அக்கா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் என்ன கேட்டார்களோ அதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருப்பார். கேள்விகள்தான் அவர் வீட்டைத் தொடவில்லை, உங்கள் வீட்டைத் தவறாகத் தொட்டுவிட்டன.

தகுதியில்லாதவர் பெறுகிறார் என்று கோட்டாட்சியருக்குப் புகார் செய்ய வழி இருக்கிறது. செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கிராமத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்து ஒதுக்கிய திட்டம் இல்லை இது. அவருக்கு நின்றால் அது உங்களுக்கு வரும் என்ற கணக்கே கிடையாது. உங்கள் மனு உங்கள் வண்டியைப் பற்றி மட்டும் பேசட்டும்.

எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டதும்கூட. 2023-இல் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்ததில் 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேரை ஏற்றார்கள். இவர்களுக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடிக்கு மேல். மாநிலத்தில் குடும்ப அட்டைகள் 2 கோடியைத் தாண்டும். அத்தனைக்கும் கொடுத்தால் செலவு இரட்டிப்பு. இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று கோடு போடுகிறவர்கள் சொல்லும் காரணம் இதுதான், அதைத் தள்ளிவிடவும் முடியாது. கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான் என்றால், வசதியானவருக்குப் போகும் ஆயிரம் இல்லாதவருக்கு இரண்டாயிரமாகப் போகலாமே என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது.

ஆனால் கோடு போடுவதற்கும் ஒரு விலை உண்டு, அது பட்ஜெட்டில் வராது. ரேஷனில் இதை நாடே பார்த்தது. 1997 ஜூனில் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து, கீழே இருப்பவர்களுக்கு மட்டும் மலிவு அரிசி கோதுமை என்றது. ஏழைக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும் என்பதுதான் நோக்கம். 2005-இல் திட்டக் குழுவே ஆய்ந்து பார்த்தது. ஏழைகளுக்கென்று மத்தியத் தொகுப்பிலிருந்து போன தானியத்தில் 58 சதவீதம் அந்த ஏழைகளைச் சேரவில்லை என்று எழுதியது. யார் ஏழை என்று பிடித்த பட்டியலிலேயே பிழை. வசதியானவர் கையில் அட்டை இருந்தது, கூலிக்காரர் கையில் இல்லை. போதாததற்கு வழியில் ஒழுகியது வேறு. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லாருக்கும் ரேஷன் என்றே நின்றது. அதனால் பணக்காரர்கள் எல்லாரும் ரேஷன் அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? சர்க்கரை அட்டை வேண்டும் என்று தாமாகவே கேட்டு வாங்கினவர்கள் எத்தனை பேர், எந்தப் பொருளும் வேண்டாம் என்று வெறும் அட்டையாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர். வரிசையும் அரிசியின் தரமுமே பாதி வேலையைச் செய்துவிட்டன. நூறு நாள் வேலையும் அப்படித்தான். அதற்கு ஏழைப் பட்டியல் கிடையாது. 2023-இல் 294 ரூபாய்க்கு வெயிலில் மண் வெட்டத் தயாராக இருந்த எந்தக் கிராமத்துக் குடும்பமும் கேட்க முடிந்தது. வசதியானவர் வர மாட்டார், ஆள் வைத்து விரட்டவும் வேண்டாம்.

பணத்தை நேரடியாகக் கணக்கில் போடும்போது இந்த உபாயம் நடக்காது. பணத்துக்குத் தரம் கிடையாது, யாருக்கும் கசக்காது. அதனால்தான் உரிமைத் தொகை போன்ற திட்டங்களில் எங்கே போனாலும் கோடு வருகிறது, கோட்டோடு தகராறும் வருகிறது. இலங்கையில் 2023 ஜூலையில், சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்தின் இடத்தில் அஸ்வெசும என்று புதிய உதவித்தொகையைத் தொடங்கினார்கள். வீடு, நிலம், மின்சாரம், படிப்பு, உடல்நலம் என்று 22 குறியீடுகளைக் கணக்கிட்டு, குடும்பங்களை நாலு படியாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை. நம்முடையதைவிட நுணுக்கமான தராசு. பட்டியல் வெளியானதும் பிரதேச செயலகங்களின் முன்னால் ஜனங்கள் திரண்டார்கள், 9 லட்சத்துக்கும் அதிகமான மேல்முறையீடுகள் குவிந்தன. கேள்விகளைக் கூட்டினால் பிழை குறையும் என்று நினைப்போம். ஒவ்வொரு கேள்வியும் பிழை நுழைய ஒரு புதுக் கதவு என்பதை மறந்துவிடுவோம்.

பிழை இரண்டு வகை. கொடுக்க வேண்டாதவருக்குக் கொடுப்பது ஒன்று, கொடுக்க வேண்டியவரை விட்டுவிடுவது இன்னொன்று. தணிக்கையில் முதலாவதைத்தான் கேட்பார்கள். 'தகுதியற்ற நபருக்கு வழங்கப்பட்ட தொகை' என்று பத்தி பத்தியாக ஆட்சேபணை வரும், கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். விட்டுப்போனவருக்காக எந்தத் தணிக்கையாளரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் ஊழியர் என்ன செய்வார்? சந்தேகம் என்றால் தள்ளுபடி. அதுதான் பாதுகாப்பு. நானும் அப்படித்தான் செய்தேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு மூதாட்டியின் முதியோர் உதவித்தொகை மனு விசாரணைக்கு வந்தது. அந்தத் திட்டம் நம் மாநிலத்தில் 1962-லேயே, மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. ஆனால் 'ஆதரவற்றவர்' என்ற ஒரு சொல்லில் அது நின்றது. விசாரித்தேன். மகன் இருக்கிறான், பெங்களூரில் வேலை என்றார்கள். 'மகன் உள்ளார், ஆதரவு உள்ளது' என்று எழுதினேன். இரண்டு நிமிட வேலை. சில மாதம் கழித்து வேறொரு சோலியாக அதே ஊர் ரேஷன் கடைக்குப் போனேன். அந்த அம்மா தன் பங்கு மண்ணெண்ணெயை இன்னொருவருக்கு விற்று, அந்தக் காசில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். மகன் ஊர்ப் பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிறது என்று கடைக்காரர் சொன்னார். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மகன் இருக்கிறானா என்று கேட்டேன், சோறு போடுகிறானா என்று கேட்கவில்லை. மறுபடி அறிக்கை எழுதினேன். அப்போதெல்லாம் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு இடம். அந்த அம்மாவுக்கு வர மேலும் ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் என் இரண்டு நிமிடமும் என் கணக்கில்தான் இருக்கின்றன.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தள்ளுபடி என்று எழுதும் முன் அந்த வீட்டுக்கு நேரில் போவது. ஏற்பு என்று எழுத நேரில் போகாவிட்டாலும் போகிறது. இதில் சில வசதியானவர்கள் உள்ளே வந்திருப்பார்கள், தெரியும். வசதியானவருக்குப் போன ஆயிரம் அரசாங்கத்துக்கு நஷ்டம். இல்லாதவருக்குப் போகாத ஆயிரம் அந்த வீட்டு அடுப்புக்கு நஷ்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க என்னால் முடியவில்லை. கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், ஐந்து பேர் கூடுதலாக உள்ளே வந்தாலும் ஒருவர் வெளியே நிற்கக் கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன்.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருவோம்.

வண்டி எண் நினைவிருக்கும், அல்லது பழைய இன்சூரன்ஸ் தாளில் இருக்கும். இ-சேவை மையத்திலோ, போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளிடமோ கொடுத்துப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் பதிவு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் பேரிலேயே இருந்தால், உரிமைத் தொகையை விடப் பெரிய ஆபத்து ஒன்று தலைக்கு மேல் தொங்குகிறது. அந்த வண்டி நாளைக்கு யாரையாவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால், நஷ்டஈட்டு வழக்கு பதிவில் பேர் உள்ளவர் மேல்தான் வரும். விற்றுவிட்டேன், ஓட்டியது நான் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். நீங்கள் நாலு வருடம் தாமதம். இருந்தாலும் இப்போதாவது செய்வது, செய்யாமலே இருப்பதை விட நல்லது.

வாங்கியவர் தெரிந்தவர் என்கிறீர்கள். அவரைக் கூப்பிட்டு, கோபப்படாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். தவணை முடிந்துவிட்டது என்கிறீர்கள், அப்படியானால் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து கடன் தீர்ந்ததற்கான கடிதமும், அடமானக் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வாங்க வேண்டும். அது இல்லாததால்தான் அவர் பேர் மாற்றாமல் விட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அவர் வர மறுத்தாலோ, வண்டியை மூன்றாம் ஆளுக்குத் தள்ளிவிட்டிருந்தாலோ, எப்போது, யாருக்கு விற்றீர்கள் என்ற விவரத்தோடு அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இது முடியும்வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்க வேண்டாம். அது தனி, இது தனி. ரேஷன் அட்டை, ஆதார், மனு கொடுத்தபோது வாங்கிய எண், செய்தி வந்த போன் இவற்றோடு இ-சேவை மையத்துக்குப் போங்கள். வண்டியைக் கொடுத்தபோது எழுதிக்கொண்ட துண்டுச் சீட்டு இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் தாளில் எழுதியதாக இருந்தாலும் அது சாட்சிதான். தவணையை அவர் கட்டியதற்கான வங்கி விவரம் கிடைத்தால் இன்னும் பலம். மனு கோட்டாட்சியருக்குப் போகும். நீளமாக எழுத வேண்டாம். கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினால், படிக்கிறவர் கண் விஷயத்தைத் தேடிக் களைத்துவிடும். இப்படி எழுதினால் போதும்:

'நான்கு சக்கர வாகனம் இருப்பதாகக் கூறி என் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அந்தச் சரக்கு வாகனம் என் கணவர் வாடகைக்கு ஓட்டுவதற்காக 2016-இல் கடனில் வாங்கியது. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்தது அல்ல. 2019-இல் விற்கப்பட்டு இன்னார் வசம் உள்ளது. பதிவுப் பெயர் மாற்றம் நிலுவையில் உள்ளது, அதற்கான நடவடிக்கை எடுத்துள்ளோம். எங்களிடம் வேறு வாகனம் இல்லை. நானும் கணவரும் விசைத்தறிக் கூலிகள். கள விசாரணை செய்து என் விண்ணப்பத்தை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

'சொந்தப் பயன்பாட்டுக்கு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பிழைப்புக்கு ஓட்டிய வண்டியையும் சவாரி போக வைத்திருக்கும் காரையும் விதி எழுதினவர்கள் ஒன்றாக நினைக்கவில்லை, கணினிதான் ஒன்றாக எண்ணிவிட்டது. 'கள விசாரணை' என்பதையும் விடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து வாசலைப் பார்க்கட்டும். வாசலில் வண்டி இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்?

பதிவு செய்ததற்கான ரசீதை வாங்காமல் மையத்தை விட்டு வராதீர்கள். கோட்டாட்சியர் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ரசீது நகலோடு மனு கொடுங்கள். என்ன காரணம் என்றே தெரியாமல் மறுபடி தள்ளினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு மீதான விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். அறிக்கையைப் படித்தால்தான் எந்த வரியில் பிழை என்று தெரியும்.

மாமியாரின் பென்ஷனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முதலில் இருந்த விதியில் குழப்பம் இருந்தது உண்மை. ஆகஸ்ட்டில் அதைத் தளர்த்திவிட்டார்கள். வீட்டில் ஒருவர் முதியோர் உதவித்தொகை வாங்கினாலும், தகுதியுள்ள இன்னொரு பெண் உரிமைத் தொகைக்கு மனுச் செய்யலாம். அதற்காகவே அந்த மாதம் 18, 19, 20 தேதிகளில் சிறப்பு முகாமும் நடந்தது. உங்களுக்கு வந்த செய்தியும் வண்டியைத்தானே சொல்கிறது. அத்தையின் பென்ஷனை நிறுத்திவிட்டால் உங்களுக்கு வரும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்ட்டில்தான் அது 1,200 ரூபாய் ஆனது. ஒருமுறை நின்றதை மறுபடி வாங்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

தெருவில் முகம் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இந்த அலுவலகப் பாஷையில் எனக்குப் பிடிக்காத சொல் 'தகுதியின்மை'. நம் வழக்கில் தகுதி என்றால் மனுஷனின் தரம். தகுதி இல்லாதவர் என்று சொன்னால் அது வசவு. ஒரு பதிவேடும் இன்னொரு பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்பதை 'நீ தகுதியில்லை' என்று ஒரு பெண்ணின் போனுக்கு அனுப்புகிறோம். 'விவரம் பொருந்தவில்லை' என்று அனுப்பியிருக்கலாம். நான் பணியில் இருந்தபோதே இதை மாற்றச் சொல்லிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விண்ணப்பித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏற்கவில்லை என்று பதில் போயிருக்கிறது. உங்கள் தெருவிலும் உங்களைப் போலப் பேசாமல் இருப்பவர்கள் இருப்பார்கள், ஒருவருக்கொருவர் தெரியாது, அவ்வளவுதான். மேல்முறையீடு என்பது கையேந்துவது ஆகாது. கணினி பார்த்ததை மனுஷர் ஒருமுறை பார்க்கட்டும் என்று திட்டத்திலேயே வைத்திருக்கும் இரண்டாவது பார்வை அது. அதைக் கேட்பதில் தலைகுனிய ஒன்றும் இல்லை.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப்போன அந்த அக்கா. ஏற்றதாகவும் செய்தி இல்லை, ஏற்காததாகவும் செய்தி இல்லை. முகாமில் யாருடைய போன் எண்ணைக் கொடுத்தார் என்று கேளுங்கள். சொந்த போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன பழைய எண்ணையோ கொடுத்திருப்பார்கள். செய்தி எங்கேயோ போய்க் கிடக்கும், அந்த 30 நாளும் ஓடிக்கொண்டிருக்கும். மேல்முறையீடு என்ற இரண்டாவது பார்வை, கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. ஏழைக்கென்று போட்ட திட்டத்தில் மிக ஏழையானவர் உதிர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வங்கிக் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், பணம் ஏறியிருந்து அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். விதவை உதவித்தொகை அவருக்கு வருகிறதா என்றும் கேளுங்கள். வந்தால் இது வராது. வராவிட்டால், இந்த மனுவோடு அந்த மனுவையும் போட வேண்டும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிமைத் தொகைக்கென்று உதவி மையம் வைத்திருக்கிறார்கள். ஆதார் எண்ணைச் சொன்னால் மனு என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்வார்கள். அந்த அக்காவால் தனியாகப் போய்க் கேட்க முடியாது என்று நினைக்கிறேன். நீங்கள் உங்கள் வேலையாகப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக், கணவரின் இறப்புச் சான்று நாலையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். இறப்புச் சான்று வாங்காமலே விட்டிருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், அதற்கு வேறு வழி சொல்கிறேன்.